ரயில்வே வேலையில் இருந்துகொண்டே இந்தியாவுக்குக் கேப்டன் ஆனவர்

அன்புச் சகோதரிக்கு,

வியாசர்பாடியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் ஃபுட்பால்தான் என்கிறான், அவனும் அவன் அப்பாவும் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "பந்து சோறு போடுமா சார்?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

போடும். ஆனால் எந்த வாசல் வழியாகப் போடும் என்று தெரியாமல் இறங்கிய பிள்ளைகள் இருபத்தாறு வயதில் வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுததும் உண்டு. அதனால் முதலில் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பி.கே. பானர்ஜி. 1936-ல் வங்காளத்தின் ஜல்பைகுரி பக்கம் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் கொல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கிளப்பில் ஒரு வருடம் ஆடினார். 1955-ல் கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். அன்றைய கொல்கத்தாவில் பெயர் என்றால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகள்தான். இவரோ 1967-ல் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு சட்டைகளையும் போடவே இல்லை. ரயில்வேக்காரராகவே இருந்தார்.

அதனால் எதை இழந்தார்? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கேப்டன்; பிரான்ஸோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் நம் கோல் அவர் அடித்தது. 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியபோது, இரண்டில் ஒரு கோல் அவருடையது. அந்த இறுதியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும் ராணுவத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் வளர்ந்த ஆட்டக்காரர்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1958-ல் கிழக்கு ரயில்வே கொல்கத்தா லீக்கையே வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற பெரிய மூன்று கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அந்தக் கோப்பையைத் தொட அதன்பின் 2019 வரை ஆனது. வேலை பார்க்கிற அணி என்றால் இளைத்த அணி என்று தம்பி நினைத்தால், இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது ஆட்டம் நின்ற பிறகு நடந்தது. இந்தியக் கேப்டனாக இருந்தவர் 1969-ல் ஜப்பானுக்குப் போய், ஃபிஃபாவின் பயிற்சியாளர் படிப்பில் மாணவராக உட்கார்ந்தார். டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியர் நடத்திய படிப்பு அது. அடுத்த வருடமே பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளர்களில் ஒருவர். பிறகு, தான் ஒரு நாளும் ஆடாத அந்த இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் பயிற்சியாளர் ஆனார். 1975-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கொல்கத்தாவின் பழைய கோப்பைப் போட்டியின் இறுதியில் மோகன் பகானை 5-0 என்று சாய்த்த ஈஸ்ட் பெங்கால் அவருடையது. 1977-ல் பெலே ஆடிய அமெரிக்காவின் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று நின்ற மோகன் பகானும் அவருடையதுதான். ஆட்டத்துக்கு முன் அவர் பேசுகிற பேச்சுக்கு வங்காளத்தில் 'வோகல் டானிக்' என்றே பெயர். நன்றாக ஆடத் தெரிவது வேறு, இன்னொருவனை ஆட வைக்கத் தெரிவது வேறு. அதற்குப் படிப்பும் வேண்டும், வாயும் வேண்டும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. களத்தில் ஆட வைத்துப் பார்ப்பதற்கு 40 மதிப்பெண், அதில் 25 எடுத்தால்தான் மேலே போக முடியும். விளையாட்டுச் சாதனைக்கு 50. படிப்புக்கு 10. பத்துதானே என்று தம்பி சொல்வான். ஆனால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையே படிப்புதான் தீர்மானிக்கிறது. பத்தாவது மட்டும் என்றால் அடிமட்ட நிலை. பிளஸ் டூ முடித்தால் அதற்கு மேல். டிகிரி இருந்தால் இன்னும் மேல். ஒரே கால், ஒரே ஷூ, சம்பளம் மட்டும் வேறு வேறு. வயது 18 முதல் 25 வரை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வயதுத் தளர்வு தருவதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ஒரு பையன் பை நிறைய மெடல்களோடு வந்தான். எல்லாம் ஏரியா டோர்னமென்ட், செவன்ஸ் ஆட்டங்களில் வாங்கியவை. எதுவும் செல்லுபடியாகவில்லை. அவனிடம் அதைச் சொன்ன நாளை என்னால் மறக்க முடியவில்லை. அரசு வேலைகளுக்குப் பொதுவாக, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியது, தேசியப் பள்ளி விளையாட்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஆகியவைதான் எடுபடும். தேசியப் போட்டிக்கு மாநிலச் சங்கத்திடம் படிவம் 2, பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4 என்று அந்தந்த வருடமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ரயில்வே நடப்பு நிதியாண்டையும் அதற்கு முந்தைய இரண்டையும்தான் பார்க்கும். பழைய பெருமைக்கு அங்கே மதிப்பில்லை. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு, பொறியியல் கலந்தாய்வில் தனி இடங்கள் உண்டு. அவற்றுக்கும் பெரும்பாலும் கேட்பது இதே மாதிரிக் காகிதங்களைத்தான்.

முழங்கால் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் அப்பா பயப்படுவது நியாயம். அதற்குத்தான் பயிற்சியாளர் உரிமம். 'டி'யில் தொடங்கி சி, பி, ஏ என்று ஏறி 'ப்ரோ' வரை போகலாம். காலேஜ் படிக்கும்போதே 'டி' முடித்து, பேட்டைச் சிறுவர்களுக்குக் காலையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கினால், பேசவும் வரும், கையில் கொஞ்சம் காசும் வரும்.

ஆகவே பிளஸ் டூவை நிறுத்த வேண்டாம். அவன் பந்தையும் யாரும் நிறுத்த வேண்டாம். பயிற்சி நேரத்துக்கு ஒத்துவருகிற, பல்கலைக்கழக அணிக்கு ஆள் அனுப்புகிற கல்லூரியை இப்போதே தேடத் தொடங்குவோம். அடுத்த ஞாயிறு காலை பயிற்சி முடிந்ததும் நேராக இங்கே வரச் சொல்லுங்கள். குளிக்காமல் வந்தாலும் பரவாயில்லை. இதுவரை வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுவரட்டும். அவன் அப்பாவும் கூட வரட்டும்.