கூட்டமில்லாத சீசனில் கப்பல் கிட்ஸ் கிளப்: கேளுங்கள், சொல்கிறேன்

க்ரூஸ் எனப்படும் சுற்றுலாக் கப்பல்களில், பெற்றோர் பிள்ளைகளை விளையாட விட்டுப்போகும் கிட்ஸ் கிளப்பில் ஆறு வருடம் கவுன்சலராக, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவனாக, இருந்தவன் நான். கிளப் பற்றி எது வேண்டுமானாலும் இங்கே எழுதிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கப்பல் ஏறிய அன்றே கிளப்புக்குப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

செப்டம்பரில் போகிறோம், டிக்கெட் மலிவு. பிள்ளைகளே இல்லையென்று கிளப்பை மூடிவிடுவார்களா? மகளுக்கு 4 வயது.

மூட மாட்டார்கள். குடும்பங்களை நம்பி ஓடும் பெரிய கப்பல்களில் கிளப் வருடம் முழுக்க உண்டு. மாறுவது உள்ளே இருக்கும் கூட்டம்தான். பள்ளி விடுமுறையில் நூற்றுக்கணக்கில் வருவார்கள். டிசம்பர் முதல் வாரப் பயணம் ஒன்றில் எனக்கு மொத்தமே 9 பேர். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 2–5, 6–8, 9–11 என்று வயதுவாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன. ஆள் குறைந்தால் அடுத்தடுத்த பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவது பல கப்பல்களில் நடப்பதுதான். கேபினில் கிடைக்கும் நிகழ்ச்சி நிரலில் ஆறு விளையாட்டு போட்டிருக்கும், இரண்டுதான் நடக்கும். நான்கு பேரை வைத்துக்கொண்டு புதையல் வேட்டை நடத்த முடியாது.

ஆனால் உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல சமயம் அமையாது. பெயின்ட் அடிக்க வரிசையில் நிற்க வேண்டாம். இரண்டாம் நாளே கவுன்சலருக்கு அவள் பெயர், அவளுக்குப் பிடித்த நிறம், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். என் கணக்கு இதுதான்: ஏழு வயது வரை கூட்டமில்லாத சீசன் வரம், எட்டிலிருந்து பதினொன்று வரை பிள்ளையைப் பொறுத்தது, அதற்கு மேல் யோசியுங்கள்.

பையனுக்கு 2 வயது 9 மாதம். இன்னும் டயப்பர்தான். சேர்ப்பார்களா?

பெரும்பாலும் 3 வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பரும் விட்டிருக்க வேண்டும். கார்னிவலில் 2 வயதிலிருந்தே எடுக்கிறார்கள், டயப்பரும் மாற்றுவார்கள். டிஸ்னி கப்பல்களிலும் ராயல் கரீபியனின் பல கப்பல்களிலும் 3 வயதுக்குக் கீழே தனி நர்சரி உண்டு. அதற்கு மணிக்கணக்கில் கட்டணம், இடமும் குறைவு, முன்பதிவு செய்யுங்கள். வயதைக் கூட்டிச் சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி எங்கள் பட்டியலில் இருக்கும்.

மகனுக்கு 13. போரடிக்குமா?

அடிக்கும். ஒரு ஜனவரிப் பயணத்தில் டீன் கிளப்புக்கு ஒரே ஒரு பையன் வந்தான். ஏர் ஹாக்கி மேசையில் இந்தப் பக்கம் நின்று அடிப்பான், ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று தடுப்பான். அவனோடு விளையாட நான் போனபோது, "பரவாயில்லை அண்ணா, ஸ்கோர் 6–6" என்றான். கூடவே அதே வயதில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையோ நண்பனோ வந்தால் கூட்டிப்போங்கள்.

டயப்பர் போட்ட குழந்தைக்குக் கிளப்பில்...

மேலே சொல்லிவிட்டேன். குளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: டயப்பர் விடாத பிள்ளைகளைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும்.

பிரிவுகளைச் சேர்ப்பது அநியாயம் இல்லையா? போன முறை என் 11 வயது மகன் நாலு நாளும் குட்டிகளுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். காசு கொடுத்து ஆயா வேலையா?

இதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் 4 வயது மகளின் அம்மா வந்துவிட்டார்: "பெரியவன் சின்னதைப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அண்ணன் தங்கை வீட்டில் இப்படித்தானே வளர்கிறார்கள்?" அதற்கு அப்பா: "வீட்டில் அவனுக்குத் தங்கையே இல்லை மேடம்." இப்படியே பதினேழு பதிவுகள். இடையில் ஒருவர் பள்ளிக்கு மட்டம் போடுவது சரியா என்று வேறு கிளப்பிவிட்டார். அதை நீங்களும் தலைமையாசிரியரும் பேசிக்கொள்ளுங்கள்.

அப்பா பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஷூ மாட்டுவது கவுன்சலர் வேலை. பையனிடம் விட்டது தப்பு. ஆனால் சேர்க்காவிட்டால் அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பான். முதல் நாளே கவுன்சலரிடம், "இரவில் ஒரு மணி நேரமாவது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்" என்று கேளுங்கள். கூட்டமில்லாதபோது நிரலை மாற்றுவது எங்களுக்கு எளிது. கேட்பவர்கள்தான் குறைவு. பல கப்பல்களில் 9–11 வயதுப் பிள்ளைகள், பெற்றோர் கையெழுத்திட்டால், தாங்களாகவே வெளியே போய் வரலாம். போரடித்தால் எழுந்து போகலாம் என்று தெரிந்தாலே பாதிக் கோபம் போய்விடும்.

செப்டம்பரில் புயல் பயம் உண்டா?

அட்லான்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் நடுவாக்கில். கப்பல் புயலைச் சுற்றிப் போகும், துறைமுகத்தில் நிற்பது ரத்தாகும். அன்று எல்லாப் பிள்ளைகளும் கிளப்பில்தான். எங்களுக்கு அதுதான் திருவிழா.

5 மாதக் கைக்குழந்தையோடு வரலாமா?

பொதுவாக 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். பெருங்கடல் கடக்கும் பயணத்துக்கு 12 மாதம். பருவம் மாறும்போது கப்பல்களை ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மலிவுப் பயணங்களும் அதில் சேரும். அவற்றில் வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், கரையைப் பார்க்கவே நாள்கணக்கில் ஆகும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

லேசாக வாந்தி. சொல்லாமல் கிளப்பில் விடலாமா?

கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் பரவினால் மொத்தக் கப்பலும் படுக்கும். சானிட்டைசரை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான் வேலை செய்யும்.

விசா...

தூதரகத்தைக் கேளுங்கள்.

11 வயது மகனின் அப்பா மறுபடியும்: அவனிடமே கேட்டேன். விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பானாம், ஷூ மட்டும் மாட்டமாட்டானாம்.

ஏறிய அன்று பதிவு செய்யும்போது அவனையே இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

தம்பி, டயப்பர்...

மேலே, அக்கா. மேலே.