'கெட்' படுத்தும் பாடு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், ஆங்கில அகராதியில 'கெட்'னு (get) தேடினா பக்கம் பக்கமா பொருள் வருது. எதை மனப்பாடம் பண்றது?

பதில்: எதையும் மனப்பாடம் செய்யாதீங்க தம்பி. இல்லாத ஒன்று வந்து சேர்வதுதான் 'கெட்'டின் அடிப்படை. 'காட்' (got) அதன் இறந்தகாலம். கடிதம் வந்தால் 'ஐ காட் எ லெட்டர்', கிடைத்தது. பொழுது சாய்ந்தால் 'இட்ஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கிட்டு வருது. ஊர் வந்தால் 'வீ காட் டு மதுரை', போய்ச் சேர்ந்தோம். 'ஐ கெட் இட்', புரியுது. தமிழில் நாலு வினைச்சொல், அங்கே ஒன்று. முன்னே என்ன நிலை, இப்போ என்ன நிலை என்று பார்த்தால் பொருள் தானாக வரும்.

கேள்வி: 'ஐ கட் மை ஹேர்'னு சொன்னேன். மேலதிகாரி, "நீங்களேவா?"னு கேட்டார். என்ன தப்பு?

பதில்: நம்மில் பாதிப் பேர் செய்வதுதான் அம்மா. தமிழில் 'முடி வெட்டிக்கிட்டேன்' என்றால் கத்தரி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ கட்' என்றால் கத்தரி உங்கள் கையில். கடையில் வெட்டினால் 'ஐ காட் மை ஹேர் கட்'. 'காட்'டுக்குப் பிறகு பொருள் ('மை ஹேர்') முதலில், வினை ('கட்') கடைசியில். இந்த வரிசை மாறக்கூடாது. 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்', 'ஐ காட் த பிளவுஸ் ஸ்டிட்ச்ட்' எல்லாம் இதே அச்சு. ஆளைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் 'டு' வரும்: 'ஐ காட் த டெய்லர் டு ஸ்டிட்ச் இட்'. இதில் கொஞ்சம் கெஞ்சி, பேசி, சம்மதிக்க வைத்த வாடை இருக்கும். 'ஐ ஹேட் (had) த டெய்லர் ஸ்டிட்ச் இட்' என்றால் சொன்னேன், தைத்தார், அவ்வளவுதான். அங்கே 'டு' கிடையாது.

கேள்வி: 'வாஸ் காட்' (was caught), 'காட் காட்' (got caught): 'பிடிபட்டான்' என்பதற்கு எது சரி?

பதில்: இரண்டும் சரி. எழுத்தில் முதலாவது, பேச்சில் இரண்டாவது. நம் 'படு' இருக்கிறதே, அடிபட்டான், பிடிபட்டான், அதற்கு மிக நெருக்கமானது இந்த 'கெட்'தான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் 'ஹேவ்' போட்டுச் சொல்லும்போது 'காட்'டுக்குப் பதில் 'காட்டன்' (gotten) என்கிறான். பிழையா?

பதில்: இல்லை ஐயா, பழைய வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் மறைந்துவிட்டது, அமெரிக்காவில் நிலைத்தது. அங்கே 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது; 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் வாங்கிவிட்டேன்.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: வட ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா'. அடைதல், பிள்ளை பெறுதல் இரண்டும் அதற்குப் பொருள். நம் 'பெறு' போலவே! பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுச் சொல் இருந்தது, ஆனால் 'ஃபர்கெட்' (மறத்தல்), 'பிகெட்' (பிள்ளை பெறுதல்) போன்ற கூட்டுச் சொற்களுக்குள்தான்.

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் 'கெட்' எழுதக்கூடாது என்றார் ஆசிரியர்.

பதில்: விண்ணப்பத்தில் 'ரிசீவ்ட்' நல்லது. சக ஊழியருக்கு 'காட் யுவர் மெயில்' தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: 'காட் டு' என்றால் 'கட்டாயம்' தானே?

பதில்: முன்னால் 'ஹேவ்' இருந்தால் கட்டாயம். 'ஐ ஹேவ் காட் டு சீ பாட்டி', பார்த்தே ஆகணும். கடந்ததைச் சொல்லும்போது 'ஐ காட் டு சீ பாட்டி' என்றால், பாட்டியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.