இருமலுக்குக் காரணம் ரோட்டுப் புகை மட்டும்தானா?

கேள்வி: எனக்கு 54 வயது. பள்ளிகொண்டாவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் வீடு. சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன். நாலு மாதமாக இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாட்டில் காற்று வருஷா வருஷம் கெட்டுக்கொண்டே போகிறது என்கிறார்களே, அதனால்தானா? வீடு மாறிவிடலாம் என்கிறான் மகன்.

பதில்: அம்மா, வீடு மாறுவது இருக்கட்டும், முதலில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நாலு மாதம் விட்டது தப்பு. சளியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். எல்லாமே கெட்டுக்கொண்டு போகிறது என்று சொல்ல முடியாது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது. அடங்காமல் நிற்பது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-ல் நம் நாடு வைத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது வெறும் 5. அதனால் 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று செய்தியில் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள்? ஜன்னல் இல்லாத அடுப்படியில் ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது இந்த நுண்துகள் பல நூறு மைக்ரோகிராமுக்கு ஏறும். ஒரு பீடிகூடப் பிடிக்காத அம்மாக்களுக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவது பெரும்பாலும் இப்படித்தான். சிலிண்டர் வந்த பிறகும் பழைய புகை செய்த சேதம் நுரையீரலில் இருக்கும். மடியில் முறத்தை வைத்து இலையில் புகையிலைத் தூளை அள்ளிப் போடும்போது நெடி ஏறித் தும்முவீர்களே, அந்தத் தூளும் உள்ளேதான் போகிறது.

சளியில் ஒன்றும் இல்லை என்றால் ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குழாயில் பலமாக ஊத வேண்டும், அவ்வளவுதான், வலிக்காது. இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் 'பழகிவிடும்' என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

படுக்கிற அறையில் பீடி சுற்ற வேண்டாம். திண்ணையில் உட்காருங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ரோட்டுப் பக்க ஜன்னலை மூடிப் பின்பக்கம் திறந்து வையுங்கள். முந்தானையால் மூக்கை மூடினால் நுண்துகள் நிற்காது, அதற்கு என்95 மாஸ்க்தான். அப்புறம், போகிக்கு டயர் கொளுத்துகிற பிள்ளைகளை உரிமையோடு தடுத்து நிறுத்துங்கள்.

பழைய எக்ஸ்-ரே இருந்தால் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.