புது இணைப்பு ஓடிக் காட்டும்வரை பழையதைத் துண்டிக்காதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடியில் வசிக்கிறோம். செப்புக் கம்பி வழியாக வரும் இணைய இணைப்பு, மழை பெய்தால் அடிக்கடி அறுந்துவிடுகிறது. வேறு நிறுவனத்தின் பைபருக்கு, அதாவது கண்ணாடி இழை இணைப்புக்கு, மாற விரும்புகிறோம். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மகள் உயர்தரப் பரீட்சைக்கு இணையவழி வகுப்புகளில் படிக்கிறாள். இணையம் ஒரு நாள்கூட நிற்காமல் மாற முடியுமா?

பதில்: முடியும். செப்புக் கம்பியும் பைபரும் தனித்தனிப் பாதைகள். ஒன்று வீட்டுக்குள் வருவதற்கு மற்றதைக் கழற்ற வேண்டியதில்லை. பலர் தடுமாறுவது, இரண்டு பில் கட்ட மனமில்லாமல் பழையதை முதலில் நிறுத்திவிடுவதால்தான். இணைப்புக்கான ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். மகளின் படிப்பு இதில் தங்கியிருக்கும்போது அந்தப் பணத்தை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

விண்ணப்பிக்கும் முன் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் கதையுங்கள். தொடர்மாடிகளில் தாமதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கேபிள் ஏறும் குழாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, துளையிட அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்தால், வந்த தொழில்நுட்பவியலாளர் வாசலோடு திரும்பிப் போகமாட்டார்.

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். பைபர் கண்ணாடி இழை. கதவுச் சட்டத்தின் மூலையில் இறுக்கி மடித்து ஆணி அடித்தால், மடிப்பில் ஒளி கசிந்து இணைப்பு பலவீனப்படும். வளைவு அகலமாக இருக்க வேண்டும். பைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில், வேலை முடிந்தது என்று கையொப்பம் இடாதீர்கள்.

அடுத்தது, எளிதான ஆனால் பலர் செய்யாத ஒன்று. புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுங்கள். பழைய ரவுட்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். தொலைபேசி, மடிகணினி, தொலைக்காட்சி எல்லாம் பெரும்பாலும் தாமாகவே புதியதில் சேர்ந்துகொள்ளும். சோதனையை இரவு எட்டு மணிக்கு மேல், எல்லா வீடுகளும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்; மடிகணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து வேகம் பாருங்கள். வேலை நாள்கள், வார இறுதி, முடிந்தால் ஒரு மழை நாள் எல்லாவற்றையும் புதிய இணைப்பு கடக்கட்டும்.

மின்வெட்டையும் மறக்காதீர்கள். 2022இல் பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பைபர் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனாலும் அதை ஓடவைக்கும் சிறிய மின்கலம் (பேட்டரி) ஒன்று இருந்தால் நல்லது. கூடவே ஒரு கைத்தொலைபேசி சிம்மில் டேட்டா வைத்திருங்கள். அது புதிய பைபர் நிறுவனத்தின் சிம்மாக இல்லாமலிருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தில் கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்து விழக்கூடும்.

பழையதை நிறுத்தும் முன், அந்த இணைப்பில் வேறு என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். வீட்டுத் தொலைபேசி எண், பியோ டிவி என்ற தொலைக்காட்சிச் சேவை, அந்த நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரி, அதில் ஓடும் கண்காணிப்புக் கமெரா. வெளிநாட்டு உறவினர்கள் அழைப்பது அந்த எண்ணுக்கென்றால் அவர்களுக்குப் புதிய எண்ணை முதலில் சொல்லிவிடுங்கள். வங்கியில் கொடுத்த மின்னஞ்சலையும் மாற்றுங்கள்.

துண்டிப்பு வேண்டுகோளை எழுத்தில் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருந்தவர்களுக்குப் பின்பும் பில் வந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, வைப்புப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால், அதன் தொடர் எண் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தொடர்ந்து பணம் கேட்டால், அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியையும் வேண்டுகோள் கடிதத்தையும் இணைத்து, கொழும்பு எல்விட்டிகல மாவத்தையில் உள்ள இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.