டொமைனிலிருந்து வொர்க்குரூப்புக்கு: டெல்டா அலுவலகங்களின் கேள்விகளும் பதில்களும்

ஆபீஸ் மெஷின்கள் எல்லாவற்றின் கணக்கையும் பாஸ்வேர்டையும் ஒரு சர்வரே பார்த்துக்கொள்வது டொமைன்; அவை ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக இருப்பது வொர்க்குரூப். சர்வரைக் கழற்றிவிட்டு வொர்க்குரூப்புக்கு மாற நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிரிண்டர் இங்க் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

கும்பகோணம், ஆடிட்டர் ஆபீஸ்: எட்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அமைத்துக் கொடுத்தவர் சென்னை போய்விட்டார். எதில் தொடங்குவது சார்?

அந்தப் பதிப்புக்கு வழக்கமான அப்டேட் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மாற நினைப்பது சரிதான்.

முதல் வேலை, ஒவ்வொரு மெஷினிலும் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு, அதாவது சர்வரைக் கேட்காமல் அந்த மெஷினிலேயே இருக்கும், முழு உரிமையுள்ள கணக்கு. உருவாக்கினால் மட்டும் போதாது. டொமைனில் இருக்கும்போதே சைன் அவுட் செய்து, பெயருக்கு முன்னால் .\ போட்டு அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். டொமைனை விட்டு வெளியே வந்த பிறகு டொமைன் பாஸ்வேர்டு செல்லாது. விண்டோஸில் பிறவியிலேயே இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கும் பெரும்பாலும் முடக்கித்தான் இருக்கும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி சர்வரில் மட்டும் இருக்கக்கூடும், அதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் சேவை. இப்போது எல்லா மெஷினும் சர்வரைத்தான் கேட்கும், ஐபி முகவரி கொடுப்பதும் பெரும்பாலும் அதுவே. ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியைச் சர்வரில் நிறுத்தி ரவுட்டரில் போடுங்கள். எல்லா மெஷினும் டொமைனை விடும்வரை டிஎன்எஸ் சர்வரையே காட்டட்டும், பிறகு அதையும் ரவுட்டருக்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டுச் சர்வரை அணைத்தால் "நெட் வரல" என்று எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, ஒரே ஒரு மெஷினை மட்டும் மாற்றி இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். மாறியதும் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று போய்விட்டால் ஷேரிங் அடைபடும், 'பிரைவேட்' ஆக்குங்கள். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி என்று உங்களுக்கே தெரியும், அந்த வாரங்களில் கை வைக்க வேண்டாம். சர்வர் கடைசி.

மன்னார்குடி, ரைஸ் மில்: மாற்றிவிட்டேன். டெஸ்க்டாப் காலி. எல்லாம் போச்சா அண்ணே?

போகவில்லை தம்பி. பெயர் அதேயானாலும் விண்டோஸுக்கு இது வேறு ஆள், அதனால் புது ப்ரொஃபைல் (டெஸ்க்டாப், ஃபைல், அமைப்புகள் எல்லாம் சேர்ந்தது) கொடுத்திருக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழையது அப்படியே கிடக்கும். அட்மினாகப் போய் நகலெடுங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் ஃபோல்டரை நகலெடுத்தால் வராது. மாறாத மெஷின்களில் இப்போதே அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஃபோரன்சிட் நிறுவனத்தின் யூசர் ப்ரொஃபைல் விசார்ட் என்ற சாஃப்ட்வேர் பழைய ப்ரொஃபைலையே புதுக் கணக்கோடு இணைத்துவிடும்.

திருவாரூர், பள்ளி அலுவலகம்: ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. நாங்கள் பாஸ்வேர்டே வைக்கவில்லை.

அதுதான் காரணம். காலி பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. ஃபைல் இருக்கும் மெஷினிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் கணக்கு போடுங்கள். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்புதான், அதையும் கணக்கில் வையுங்கள்.

மயிலாடுதுறை, பாத்திரக்கடை: எல்லா மெஷினிலும் 'ஆபீஸ்' என்று ஒரே யூசர் போட்டால் என்ன?

யார் எந்த ஃபைலை அழித்தார் என்று பிறகு என்னிடம் கேட்காதீர்கள்.

தஞ்சாவூர், சிஸ்டம் இன்ஜினியர்: டொமைனை விடச் சொல்வதே தப்பு. ஆள் வேலையை விட்டால் ஒரே இடத்தில் கணக்கை முடக்கலாம். வொர்க்குரூப்பில் மெஷின் மெஷினாக ஓட வேண்டும். புது சர்வர் வாங்கச் சொல்லுங்கள்.

ஆள் போகும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெல்டாவில் நான் பார்க்கும் சின்ன ஆபீஸ்களில் இருப்பது ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்), அதுவும் மாடிப்படிக்கு அடியில், போன பேட்டரியோடு ஒரு யுபிஎஸ். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்து அது எழாவிட்டால் டிஎன்எஸ்ஸும் போச்சு, ஆபீஸும் படுத்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்? புது சர்வர் என்றால் லைசென்ஸ், ஒவ்வொருவருக்கும் சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்), பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஆறு மெஷின் கடைக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

(அவரே) ஒரே அட்மின் பாஸ்வேர்டு எல்லா மெஷினிலும் இருந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால்?

ஒன்றில் நுழைந்தது எல்லாவற்றிலும் நுழையும். அதனால்தான் அட்மின் பாஸ்வேர்டு மெஷினுக்கு மெஷின் வேறாக இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு அட்மின் உரிமை கூடாது, பேக்கப் டிஸ்க் கழற்றியே இருக்க வேண்டும். இருபது மெஷினுக்கு மேல், ஆள் அடிக்கடி மாறும் இடம் என்றால் உங்கள் கட்சிதான் நானும்.

கும்பகோணம்: சார், அந்த லோக்கல் அட்மின் எல்லா மெஷினிலுமா?

எல்லா மெஷினிலும்.

பட்டுக்கோட்டை, உரக்கடை: டேலி சர்வரில் இருக்கிறது.

சர்வரை அணைப்பதற்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்து, டேட்டா வைக்கப்போகும் மெஷினில் ஆக்டிவேட் செய்யுங்கள். மற்ற மெஷின்களில் லைசென்ஸ் சர்வர் பெயரை மாற்றுங்கள். வேறு பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள், அது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் விண்டோஸ் லாகினோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் டொமைன் போனதும் பூட்டிக்கொள்ளும். முன்பே எஸ்க்யூஎல் லாகின் ஒன்று போட்டுச் சோதியுங்கள்.

நாகப்பட்டினம்: டொமைனிலிருந்து எடுத்துவிட்டேன், லோக்கல் பாஸ்வேர்டு எதுவும் தெரியாது.

முதல் பதில் எதற்காக எழுதினேன்! ரீஸ்டார்ட் செய்யவில்லை என்றால் செய்யாதீர்கள், அட்மின் உரிமையோடு திறந்திருக்கும் அதே செஷனில் இப்போதே கணக்கு போடுங்கள். செய்துவிட்டால், பூட் பென்டிரைவ் வைத்து பாஸ்வேர்டை மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பிட்லாக்கர் இருந்தால் சாவியும் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி: ஹோம்குரூப் போடலாமா?

வீட்டு மெஷின்களுக்குள் எளிதாக ஷேர் செய்யும் அந்த வசதியை 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

பாபநாசம்: பழைய சர்வரை எடைக்குப் போடலாமா?

ஒரு மாதமாவது அணைத்து வையுங்கள், யாராவது ஒருவர் "அந்த 2019 ஃபைல்" என்று வருவார். அப்புறம் போடுங்கள், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு.