பொண்ணு ஃபுட்பால்தான்னு நிக்கிறா, பத்தாவது என்ன ஆகும்? ஒரு அம்மாவுக்கு பதில்

வணக்கம்மா. உங்க மெசேஜை முழுசா படிச்சேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 2011ல பிறந்தவ, மாவட்ட டீம்ல செலக்ட் ஆயிருக்கா, நம்ம அண்டர் 17 பொண்ணுங்க ஏசியன் கப்புக்கு தகுதி பெற்ற வீடியோவை பார்த்ததுலேர்ந்து இனிமே எனக்கு ஃபுட்பால்தான்னு நிக்கிறா, அவங்க அப்பா அடுத்த வருஷம் பத்தாவது வருது ஷூவை தூக்கி பரண்ல போடுன்னு சத்தம் போடறாரு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நீங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஃபுட்பாலா படிப்பான்னு நீங்க இப்போ முடிவு எடுக்கவே வேண்டாம். முடிவு எடுக்கிற நேரம் ரெண்டு இருக்கு, ஒண்ணு பத்தாவது ரிசல்ட் வந்ததும், இன்னொண்ணு பன்னெண்டாவது முடிஞ்சதும். அதுக்கு முன்னாடி வீட்ல சண்டை போட்டு ஒரு பக்கத்தை மூடிட்டா, அப்புறம் திறக்கறது ரொம்ப கஷ்டம். அதுவும் பொண்ணுங்க பதினாலு பதினஞ்சு வயசுல கிரவுண்டை விட்டா திரும்ப வர்றது அபூர்வம்மா.

அப்பாவோட கேள்வி நியாயமானதுதான், "இதுல என்ன இருக்கு, யாரு சாப்பாடு போடுவா"ன்னு கேக்கறாரு. அதுக்கு பதில் சொல்லணும்னா இந்த டீம் எப்படி மேல வந்துச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

2022 அக்டோபர்ல அண்டர் 17 பெண்கள் உலகக்கோப்பை இந்தியாவுலதான் நடந்தது, புவனேஸ்வர், கோவா, நவி மும்பைன்னு மூணு இடத்துல. நடத்தற நாடுங்கறதால நமக்கு நேரடி இடம். ரிசல்ட் என்னன்னா அமெரிக்காகிட்ட 0-8, மொராக்கோகிட்ட 0-3, பிரேசில்கிட்ட 0-5, மூணு மேட்ச்ல ஒரு கோல்கூட போடல. அப்போ நிறைய பேர் இதோட பொண்ணுங்க ஃபுட்பால் அவ்ளோதான்னு எழுதினாங்க. ஆனா அந்த டீம்ல இருந்த சுபாங்கி சிங், நேஹா, கோல்கீப்பர் மோனாலிஷா தேவி மாதிரி பிள்ளைங்கதான் 2025 ஆகஸ்ட்ல யாங்கோன்ல போய், மியான்மர் டீமை அவங்க ஊர்லயே 1-0ன்னு ஜெயிச்சு அண்டர் 20 ஏசியன் கப்புக்கு தகுதி வாங்கினாங்க, 2006க்கு அப்புறம் அது முதல் தடவை. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஜூலைல சீனியர் டீம் தாய்லாந்தை சியாங் மாய்ல 2-1ன்னு ஜெயிச்சது, ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. தகுதிச்சுற்று ஆடி ஜெயிச்சு சீனியர் டீம் ஏசியன் கப் போனது அதுதான் முதல் தடவை. அப்புறம் அக்டோபர்ல உங்க பொண்ணு பார்த்த மேட்ச், பிஷ்கெக்ல உஸ்பெகிஸ்தானோட ஒரு கோல் பின்தங்கி இருந்து ரெண்டாவது பாதில ரெண்டு கோல் திருப்பி போட்டு 2-1, அண்டர் 17 ஏசியன் கப்ல 2005க்கு அப்புறம் இப்பதான் இடம். சீனியர், இருபது, பதினேழுன்னு மூணு வயசு டீமும் ஒரே வருஷத்துல தகுதி பெற்றது தற்செயல் கிடையாது. பசங்க மட்டுமே வருஷம் முழுக்க ஆடிக்கிட்டு இருந்த இடத்துல பொண்ணுங்களுக்கும் மத்திய அரசோட கேலோ இந்தியா அஸ்மிதா லீக்னு அண்டர் 13லேர்ந்தே மேட்ச் கிடைக்க ஆரம்பிச்சிருக்கு, தேசிய கேம்ப் மாசக்கணக்குல நடக்குது. ஆட மேட்ச் இருந்தாதானே பிள்ளைங்க வளரும்.

இதெல்லாம் கேட்டு சந்தோஷப்படறப்பவே இன்னொண்ணையும் பார்க்கணும். ஒரு நேஷனல் டீம்ல இருக்கிறது இருபத்தி சொச்சம் பேர். மொத்த நாட்டுலேர்ந்தும் அவ்ளோதான். 2022ல கேப்டனா இருந்த ஜார்க்கண்ட் பொண்ணு அஸ்தம் ஓராவ்ன், அவங்களை கௌரவிக்க அவங்க வீட்டுக்கு அரசாங்கம் போட்ட ரோட்டுல அவங்க அப்பா அம்மாவே தினக்கூலிக்கு வேலை பார்த்தாங்கன்னு அப்போ பேப்பர்ல வந்தது, படிச்சு மனசு கனத்துப்போச்சு. இந்தியா ஜெர்சி போட்டாலே வீடு நிமிர்ந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதனால நான் பெத்தவங்ககிட்ட எப்பவும் சொல்றது, நேஷனல் டீம் பொண்ணோட கனவா இருக்கட்டும், உங்க திட்டம் ஸ்டேட் டீமா இருக்கட்டும். ஏன்னா நம்ம தமிழ்நாட்டுல காலேஜ் சீட்டும் வேலையும் திறக்கிறது பெரும்பாலும் அந்த ஸ்டேட் டீம் லெவல்லதான்.

உதாரணத்துக்கு கடலூர் இந்துமதி கதிரேசனை எடுத்துக்குங்க. இந்தியாவுக்கு மிட்ஃபீல்டுல ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டர். கொரோனா சமயத்துல ரோட்டுல டூட்டி பார்த்தாங்க, அப்புறமும் திரும்பி வந்து ஆடினாங்க. தமிழ்நாடு டீம், மாநில டீம்கள் மோதற சீனியர் நேஷனல்ஸை 2018லயும் 2023லயும் ஜெயிச்சிருக்கு, மதுரை சேது எஃப்சி கிளப் 2019ல இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன். பொண்ணுங்க ஃபுட்பால்னா மணிப்பூர்தான்னு இருந்தப்போ ஜெயிச்சது இதெல்லாம். அப்பாகிட்ட இந்த பேரை எல்லாம் சொல்லுங்க, வடநாட்டு கதையா இருந்தா அவருக்கு தூரமா தெரியும்.

வேலைன்னு பார்த்தா தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கு, போலீஸ் எஸ்ஐ, கான்ஸ்டபிள் தேர்வுல 10 சதவீதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வேக்கு பெண்கள் டீமே இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு தனியா சீட் ஒதுக்கியிருக்காங்க, ஆர்ட்ஸ் காலேஜ்ல நல்லா ஆடற பொண்ணுன்னா ஃபீஸ், ஹாஸ்டல் சலுகையோட கூப்பிட்டு சேர்த்துக்கறவங்களும் உண்டு. கிளப்ல ஆடறதுக்கும் முன்ன மாதிரி வெறும் பேட்டா மட்டும் இல்ல, விமன்ஸ் லீக் கிளப் குறைஞ்சது பத்து இந்திய வீராங்கனைங்களுக்கு வருஷம் 3.2 லட்சத்துக்கு குறையாம காண்ட்ராக்ட் போடணும்னு இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் விதி கொண்டு வந்திருக்கு. பெரிய காசு இல்லதான், ஆனா இருபது வயசு பொண்ணுக்கு அது ஒரு சம்பளம், வீட்ல கை ஏந்தாம ஆடலாம்.

இப்போ நான் ரொம்ப அழுத்தி சொல்ற விஷயம், சர்டிஃபிகேட். நல்லா ஆடற எத்தனையோ பிள்ளைங்க இதுலதான் கோட்டை விடறாங்க. வீடு நிறைய கப்பும் மெடலும் இருக்கும், கவுன்சலிங் அன்னைக்கு எடுத்துட்டு போனா எதுவும் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க, ஏன்னா எல்லாம் தனியார் டோர்னமென்ட், தலைவர் பிறந்தநாள் கோப்பை, அகாடமிக்காரங்களே நடத்தின இன்டர்நேஷனல்னு பேர் போட்ட போட்டி. செல்லுபடி ஆகிறது ஃபார்ம்னு சொல்ற குறிப்பிட்ட வடிவ சான்றிதழ்தான். நாட்டுக்கு ஆடினா ஃபார்ம் 1, ஸ்டேட்டுக்கு நேஷனல்ஸ்ல ஆடினா ஃபார்ம் 2, யுனிவர்சிட்டிக்கு ஆடினா ஃபார்ம் 3, ஸ்கூல் நேஷனல்ஸ்ல ஸ்டேட் டீம்ல ஆடினா ஃபார்ம் 4. ஒவ்வொண்ணுலயும் யார் கையெழுத்து போடணும்னு இருக்கு, போட்டி முடிஞ்ச சூட்டோட வாங்கிடணும், ரெண்டு வருஷம் கழிச்சு போனா அந்த ஆபீசர் மாறியிருப்பாரு, அசோசியேஷன் செயலாளர் மாறியிருப்பாரு, நீங்க அலைய வேண்டி வரும். ஒவ்வொரு டிரயல், ஒவ்வொரு டீம் லிஸ்ட், பேப்பர் கட்டிங், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, ஸ்கேன் எடுத்து மெயில்லயும் போட்டுக்குங்க. பிறப்பு சான்றிதழ், ஆதார், ஸ்கூல் ரெக்கார்டு மூணுலயும் பேரும் இனிஷியலும் தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு இந்த வாரமே பாருங்க. வயசு வரம்பு போட்டில ஒரு நாள் மாறினாலும் பிரச்சனை. யாராவது கோச்சே வந்து ஒரு வயசு குறைச்சு சான்றிதழ் வாங்கிடலாம்னு சொன்னா அங்கேர்ந்து பொண்ணை கூட்டிட்டு வந்துடுங்க, மாட்டினா தடை பொண்ணுக்குத்தான் வரும்.

அவளுக்கு நேரம் இருக்காங்கற கேள்விக்கு வர்றேன். 2026 அண்டர் 17 போட்டிக்கு 2009 ஜனவரி 1லேர்ந்து பிறந்தவங்க ஆடலாம், அந்த கணக்குல உங்க பொண்ணு 2028 போட்டி வரைக்கும் அண்டர் 17 வயசுக்குள்ள வருவா. உலகக்கோப்பையும் முன்ன மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல, 2025லேர்ந்து 2029 வரைக்கும் வருஷா வருஷம் மொராக்கோல நடக்குது. அதனால பத்தாவதுக்காக ஒரு மூணு மாசம் பிராக்டிஸ் குறைஞ்சா எதுவும் கைவிட்டு போயிடாது, இதை பொண்ணுகிட்ட நீங்க தெளிவா சொல்லணும். அதே நேரம் அப்பாகிட்ட, முழு வருஷமும் நிறுத்தினா அவளோட உடம்பும் டச்சும் போயிடும்னு சொல்லணும். நான் சொல்ற ஏற்பாடு இதுதான், பத்தாவது ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் வாரத்துல நாலு நாள் பிராக்டிஸ், ஸ்கூல் போட்டி எதையும் விட வேண்டாம், ஜனவரிலேர்ந்து பரீட்சை முடியற வரைக்கும் தினமும் காலைல முக்கால் மணி நேரம் ஓட்டமும் பந்தோட தனியா கொஞ்சம் வேலையும் போதும். மேட்ச்சுக்கு போற நாள் விட்டுப்போன பாடத்தை யார்கிட்ட வாங்கணும்னு முன்னாடியே கிளாஸ் டீச்சர்கிட்டயும் பி.இ.டி. டீச்சர்கிட்டயும் பேசி வைங்க, அவங்க ரெண்டு பேரும் ஒத்துழைச்சா பாதி பாரம் குறையும்.

பத்தாவது முடிஞ்சதும் ஒரு முக்கியமான வாசல் இருக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல வழக்கமா 7, 8, 9, 11 வகுப்புக்குத்தான் சேர்க்கறாங்க. உங்க பொண்ணு ஒன்பதாவதுல ஏற்கனவே இருக்கா, அதனால அவளுக்கு அடுத்த சான்ஸ் பதினொண்ணுதான். தங்கறது, சாப்பாடு, கோச்சிங் எல்லாம் இலவசம், டிரயல்ல தேறினா போதும். பரீட்சை முடிஞ்ச கையோட அறிவிப்பு வரும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல முன்கூட்டியே கேட்டு வைங்க. சேர்க்கறதுக்கு முன்னாடி நீங்களும் அவங்க அப்பாவும் ஹாஸ்டலை நேர்ல போய் பாருங்க, லேடி வார்டன் இருக்காங்களா, லேடி கோச் இருக்காங்களா, மேட்ச்சுக்கு வெளியூர் போறப்ப கூட யார் போறாங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. ஒழுங்கா நடத்தறவங்க இந்த கேள்விக்கு கோச்சிக்க மாட்டாங்க.

பதினொண்ணுல என்ன குரூப்னு நீங்க கேட்டிருந்தீங்க. விளையாடறவதானேன்னு ஈஸி குரூப்ல தள்ளாதீங்க. பிசியோதெரபி பண்ண ஆசை இருந்தா பயாலஜி வேணும், ஸ்போர்ட்ஸ் டேட்டா, வீடியோ அனாலிசிஸ் பக்கம் போகணும்னா கணக்கு கம்ப்யூட்டர் உதவும், பி.பி.எட் படிச்சு பி.இ.டி. டீச்சர் ஆகணும்னா எந்த டிகிரி முடிச்சிட்டும் போகலாம், அதுக்குன்னே சென்னைல உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. கோச்சிங்ல டி லைசென்ஸ்ங்கற தொடக்கநிலை சான்றிதழ்ல ஆரம்பிச்சு படிப்படியா மேல போகலாம். ரெஃப்ரியும் ஒரு நல்ல வழி, திண்டுக்கல் ரூபா தேவி ஆட்டக்காரியா இருந்து ஃபிஃபா ரெஃப்ரி வரைக்கும் போனவங்க. இப்போ பொண்ணுங்க போட்டி பெருகுது, லேடி கோச்சும் லேடி ரெஃப்ரியும் போதுமான அளவு இல்ல, அந்த இடம் நம்ம பிள்ளைங்களுக்காக காத்துக்கிட்டு இருக்கு.

உடம்பு விஷயம் அம்மாங்கற முறைல நீங்கதான் பார்க்கணும். இந்த வயசுல பொண்ணுங்களுக்கு முழங்கால்ல ஏசிஎல்ங்கற தசைநார் கிழியற ஆபத்து பசங்களை விட அதிகம், ஃபிஃபா 11+னு ஒரு வார்ம் அப் முறை இருக்கு, இருபது நிமிஷம்தான் ஆகும், அதை ஒழுங்கா செஞ்சா காயம் நல்லாவே குறையும்னு ஆராய்ச்சில நிரூபிச்சிருக்காங்க. கோச் அதை செய்ய வைக்கிறாரான்னு கேளுங்க. ரத்தத்துல இரும்புச்சத்து ஒரு தடவை செக் பண்ணிடுங்க, சோர்வா இருக்கா படிக்க மாட்டேங்கறான்னு நாம திட்டற பிள்ளைங்க நிறைய பேருக்கு அனீமியாதான் காரணம். பீரியட்ஸ் மூணு மாசம் வராம இருந்தா பிராக்டிஸ்ல அப்படித்தான்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, சாப்பாடு பத்தலைன்னு உடம்பு சொல்ற சமிக்ஞையா இருக்கலாம். அப்புறம் கறுத்துட்டா யாரு கட்டுவா, ஷார்ட்ஸ் போட்டு ஓடறாளேன்னு சொந்தக்காரங்க சொல்றதா எழுதியிருந்தீங்க. அதுக்கு நீங்க பதிலே சொல்ல வேண்டாம்மா, ஆனா பொண்ணு காதுல விழற மாதிரி அவங்களை பேச விடாதீங்க. நிறைய பொண்ணுங்க ஆட்டத்தை விடறது திறமை இல்லாம இல்ல, இந்த பேச்சு தாங்காமத்தான்.

பணம் கேக்கறவங்ககிட்ட ஜாக்கிரதை. ஸ்டேட் டீம்ல போட்டுத் தர்றேன், ஃபாரின் கிளப் டிரயல் ஏற்பாடு பண்றேன்னு லட்சக்கணக்குல கேக்கற ஏஜென்ட் இப்போ நிறைய கிளம்பிட்டாங்க, டீம் ஜெயிக்க ஜெயிக்க இவங்களும் பெருகறாங்க. செலக்‌ஷனுக்கு காசு கேட்டாலே அது மோசடி, அவ்ளோதான்.

அவங்க அப்பா ஒரு தடவைகூட அவ மேட்ச் பார்த்ததில்லைன்னு நீங்க கடைசில எழுதியிருந்தீங்க. அடுத்த மாவட்ட மேட்ச்சுக்கு அவரை எப்படியாவது கூட்டிட்டு போங்க, எதுவும் வாதாட வேண்டாம், உக்காந்து பார்க்கட்டும். அது முடிஞ்சப்புறம் மூணு பேரும் சேர்ந்து மேல சொன்ன பிராக்டிஸ் ஏற்பாட்டை ஒரு பேப்பர்ல எழுதி, காலாண்டு தேர்வு மார்க்கை வச்சு சரி பாருங்க. மார்க் இறங்கியிருந்தா எந்த பாடம்னு எனக்கு எழுதுங்க, பிராக்டிஸை எங்க குறைக்கலாம்னு சேர்ந்து பார்க்கலாம். ஹாஸ்டல் டிரயல் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து போடுங்க, நான் பார்த்து சொல்றேன்.