டொயோட்டாவிலேயே விலை உயர்ந்த கார் எது? ஏன் அவ்வளவு விலை?

லேண்ட் க்ரூஸர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை, செஞ்சுரி. 2018-ல் மூன்றாம் தலைமுறை செடான் வந்தபோது கிட்டத்தட்ட 2 கோடி யென். 2023-ல் உயரமான வடிவம் வந்தபோது 2.5 கோடி யென்.

1967-ல் அறிமுகமான கார் இது. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா பிறந்து நூறு ஆண்டு ஆனதையொட்டி இந்தப் பெயர். ஜப்பானியப் பேரரசர் குடும்பமும் பிரதமரும் இதில் பயணம் செய்திருக்கிறார்கள்.

சரி, காசு எங்கே போகிறது? வேகத்துக்கு இல்லை. பெயின்டைப் பாருங்கள்: ஏழு அடுக்கு, நடுநடுவே தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் கண்ணாடி மாதிரி மெருகேற்றுகிறார்கள். முன்பக்கத்து ஃபீனிக்ஸ் சின்னத்தின் அச்சு கையாலேயே செதுக்கப்படுகிறது. இருக்கைக்குத் தோலும் உண்டு, ஆனால் இந்தக் காருக்கே உரியது கம்பளித் துணிதான். அசையும்போது தோல் போலக் கிறீச்சிடாது. எல்லாமே பின்னால் உட்காருபவரின் அமைதிக்காக. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஃபோக்ஸ்வாகனும் 2002-ல் ஃபேட்டன் என்ற சொகுசு காரைக் கொண்டுவந்தது. 12 சிலிண்டர் எஞ்சின்கூட அதில் கிடைத்தது. அருமையான கார், ஆனால் முன்னால் இருந்தது சாதாரணக் கார்களில் இருக்கும் அதே ஃபோக்ஸ்வாகன் சின்னம்; அந்த விலைக்கு வாங்குபவர்கள் மெர்சிடிஸ் பக்கம்தான் போனார்கள். 2016-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். செஞ்சுரிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, காரணம் அதில் டொயோட்டா சின்னத்துக்குப் பதில் ஃபீனிக்ஸ்தான் முன்னால் நிற்கிறது. 2025-ல் அதைத் தனி பிராண்டாகவே அறிவித்துவிட்டார்கள், டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸுக்கும் மேலே.